உடைந்த கிராஸ் குற்றவாளி அன்று

கல்லாற்றில் ஓடும் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒன்றரை ஆண்டுகளில் நான்கு முறை பழுதானது. அதைப் பற்றி எங்கள் ஆய்வாளர் குழுவில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த மறுமொழிகள்தாம் இந்த நீண்ட பதிவுக்குக் காரணம். "பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைக் கழித்துக் கட்டவேண்டியதுதானே?" என்றார் ஒருவர். "அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் உடையத்தான் செய்யும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், பேராசிரியர், "அங்குள்ள மெக்கானிக்குகள் குத்துமதிப்பாகப் பாகம் மாற்றிப் பார்ப்பவர்கள், முறையான பகுப்பாய்வு அவர்களிடம் கிடையாது" என்று எழுதினார். நான்காமவர் நேரெதிர்த் திசையிலிருந்து வந்தார்: "அவர்களுடைய கைப்பக்குவம் சொல்லில் அடங்காதது, அதை அளவுகோலுக்குள் கொண்டுவர முயல்வதே ஒரு வகை வன்முறை." நால்வரில் எவரும் அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்ததில்லை. ஆனால் நால்வரும் தீர்ப்பெழுதி முடித்துவிட்டார்கள்.

அந்தச் சாலையை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் அடிவார ஊர் கல்லாறு. அதற்கு மேல் 22 கொண்டையூசி வளைவுகள். பொன்முடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அரிசியும் சிமெண்டும் எரிவாயு உருளையும் சென்று சேர்வது இத்தகைய பிக்கப்களில்தான். ஏறும்போது பாரம், இறங்கும்போது பெரும்பாலும் காலி. இறக்கத்தில் ஷாஃப்ட் அறுந்தால் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுகிறது. கியரில் போட்டு எஞ்சினால் வேகத்தை அடக்கும் வழி அந்த நொடியே இல்லாமற் போகிறது. எஞ்சியிருப்பது வளைவுக்கு வளைவு மிதித்துச் சூடேறிய பிரேக் மட்டுமே. ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று தார்ச்சாலையில் குத்தினால் வண்டியே எழும்பிப் புரளவும் கூடும். ஆகவே இது பழைய இரும்பைப் பற்றிய பொழுதுபோக்கு விவாதமன்று.

இனி அந்த உறுப்பு. நீள வீல்பேஸ் கொண்ட பிக்கப்களில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை ஒரே தண்டாகச் செல்லாமல் இரண்டு துண்டுகளாகச் செல்வது வழக்கம். நடுவில் ரப்பர் உறையில் அமர்ந்த சென்டர் பேரிங் அதைத் தாங்குகிறது. திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கிராஸ், அதாவது நான்கு கைகளுடைய சிலுவை வடிவ எஃகு. ஒவ்வொரு கையிலும் ஊசி உருளைகள் நிறைந்த ஒரு கிண்ணம். இந்த வண்டியில் நான்கு முறையும் உடைந்தது பின்முனைக் கிராஸ். அவற்றுள் இரண்டு முறை சென்டர் பேரிங்கின் ரப்பரும் கிழிந்தது.

ஒவ்வொரு முறையும் என்ன செய்யப்பட்டது? முதல் முறை கிராஸ் மாற்றப்பட்டது. இரண்டாம் முறை, உள்ளூர்க் கடைப் பாகம் தரமற்றது என்று முடிவுகட்டி, கூடுதல் விலையில் வேறு கிராஸ் போடப்பட்டது, பேரிங்கும் மாறியது. மூன்றாம் முறை ஷாஃப்ட்டையே கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோய் லேத்தில் பேலன்ஸ் செய்தார்கள். நான்காம் முறை கிளட்ச் பிளேட்டின் மீது பழி விழுந்து அதுவும் மாற்றப்பட்டது. ஒவ்வொரு முடிவும் தன்னளவில் அறிவுக்குப் பொருந்தியதே. ஆயினும் நான்கும் ஒரே வடிவமுடையவை: உடைந்ததை மாற்று, மீண்டும் உடைந்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பதை மாற்று. திருக்குறளின் 948ஆம் குறளை மருத்துவமனைச் சுவர்தோறும் எழுதி வைத்திருக்கிறோம். நோயையும் நோயின் முதலையும் வேறுவேறாகத் தேடச் சொல்லும் அந்தக் குறளைப் பட்டறைச் சுவரில் எழுதியவர் யாருமில்லை. பல்கலைக்கழகச் சுவரிலும் நான் கண்டதில்லை.

சான்றுகளோ கண்முன்னே கிடந்தன. ஓட்டுநரிடம் ஒரு சட்டைப்பைக் குறிப்பேடு உண்டு. வண்டியின் ஓடோமீட்டர் நின்று ஆண்டுகளாகிவிட்டன; ஆனால் கூலி டிரிப் கணக்கில் என்பதால் அவர் ஒவ்வொரு டிரிப்பையும் எழுதுகிறார். அதைப் புரட்டியபோது, ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடைப்பட்ட டிரிப்புகள் 110க்கும் 140க்கும் இடையிலேயே இருந்தன. மூன்றே இடைவெளிகளைக் கொண்டு புள்ளியியல் பேசக்கூடாதென்பதை அறிவேன். ஆயினும் பாகம் தரமற்றதென்றால் ஒன்று இருபது டிரிப்பில் போகும், ஒன்று நானூறு ஓடும், இடைவெளி சிதறியிருக்கும். இங்கே வேறுவேறு கடையில் வாங்கிய, வேறுவேறு விலைப் பாகங்கள் ஏறத்தாழ ஒரே ஆயுளில் மடிகின்றன. ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவில் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இரண்டாம் சான்று உடைந்த கிராஸ்களே. பட்டறையின் மூலையில் இரண்டு கிடந்தன. அதிர்ச்சிப் பாரத்தால் நொறுங்கிய கிராஸின் கைகளில், ஊசி உருளைகள் அமர்ந்த இடத்தில் இணைகோடுகளாக ஆழ்ந்த பள்ளம் விழுந்திருக்கும். கிரீஸ் வற்றி நீர் புகுந்ததென்றால் கிண்ணத்தினுள் செந்துரு தூளாக நிற்கும். கோணம் மிகுந்து போனதென்றால் கைகளின் நுனிமுகம் கிண்ணத்தின் அடியில் உராய்ந்து சிராய்த்த தழும்பு தெரியும். எங்களுக்குக் கிடைத்த இரண்டிலும் பள்ளம் மங்கல். துரு சிறிதளவே (கல்லாற்றின் மழைக்கு அது வியப்பன்று). நுனித் தழும்போ கண்ணுக்குத் தெளிவு. பார மிகுதி என்ற தீர்ப்போடு இது ஒத்துப்போகவில்லை.

மூன்றாம் சான்று ஒரு வாக்கியம். "சாரே, ஏத்தத்துல ஒண்ணுமில்ல. காலியா வரும்போதுதான் நடுவுல நடுங்குது" என்றார் ஓட்டுநர். விதுராவை நோக்கிச் சாலை சற்றுச் சமமாகும் இடத்தில், மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டரில், இருக்கைக்கு அடியில் அந்த நடுக்கம் எழுகிறது. பட்டறையின் ஆசான் இதை முன்பே அறிந்திருந்தார், கேட்டதும் தலையசைத்தார். கேரளத்துப் பட்டறைகளில் தலைமை மெக்கானிக்கை ஆசான் என்றே அழைப்பார்கள். நம் மொழியிலும் ஆசான் என்றால் யாரென்பதை இங்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்தச் சொல்லை ஒரு பட்டறைக்காரருக்கு வழங்க நம்மில் எத்தனை பேர் ஒப்புவோம் என்பது மட்டும் எனக்கு ஐயம்.

காலி வண்டியில் நடுக்கம் மிகுவதென்றால், காலி வண்டியில் என்ன மாறுகிறது என்று கேட்கவேண்டும். பின்புறம் உயர்கிறது. உயர்ந்தால் ஷாஃப்ட்டின் கோணம் கூடுகிறது. இதன் கணக்கை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், அல்லது படித்ததாகத் தேர்வில் காட்டியிருக்கிறோம். ராபர்ட் ஹூக் 1676இல் சூரியனை நோக்கும் கருவிகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த இணைப்பை விவரித்தார். சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகள் ஒழுங்கற்ற இடைவெளியில் விழுவதும், கோணத்தில் சுழலும் இந்த இணைப்பு ஒழுங்கற்ற வேகத்தில் சுழல்வதும் ஒரே வடிவியல். உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், வெளியே செல்வது ஒரு சுற்றில் இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. சிறு கோணங்களில் இந்த ஏற்றஇறக்கம் கோணத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம்: கோணம் மூன்று மடங்கானால் அலைவு ஒன்பது மடங்கு. ஆகவேதான் கிராஸ்களை இணையாகப் போடுகிறார்கள். இரு முனையிலும் கோணம் சமமாகவும் யோக்குகள் ஒரே தளத்திலும் இருந்தால், முதல் கிராஸ் கெடுத்ததை இரண்டாவது திருத்திவிடும். ஈடாவது சுழற்சி வேகம் மட்டும்தான் என்பதைப் பாடநூல்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. கோணத்தோடு திருப்புவிசையைக் கடத்தும் கிராஸ், தன் தாங்கியை ஒரு சுற்றில் இருமுறை பக்கவாட்டில் உலுக்குகிறது. சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிவது அங்கே.

அளந்தோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பேசியின் சாய்வுமானியை ஒவ்வொரு தண்டின் மீதும் பினியன் முகத்தின் மீதும் வைத்தோம். ஆசானின் உதவியாளர் படித்துச் சொன்னார், நான் எழுதினேன். யோக்குகள் ஒரே தளத்தில்தான் இருந்தன. அந்த ஐயம் அத்தோடு நீங்கியது. காலி நிலையில் நடுக் கிராஸின் கோணம் 5 பாகை, பின்முனையில் 9 பாகை. பிறகு சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி மீண்டும் அளந்தபோது நடுவில் 1, பின்னால் 5. கைப்பேசி அளவில் அரைப்பாகைப் பிழை இருக்கலாம். முடிவை அது மாற்றாது. சாதாரணமாகக் கிராஸ்கள் மூன்று பாகைக்குள் இயங்கவேண்டும், இரு முனைக் கோணங்களும் ஒரு பாகைக்கு மேல் வேறுபடக்கூடாது என்பது தொழில்வழக்கு. இங்கே வேறுபாடு நான்கு. ஈடாகாமல் எஞ்சும் அலைவு இரு கோணங்களின் வர்க்க வேறுபாட்டைப் பொறுத்தது: காலியில் 81லிருந்து 25 போக 56, பாரத்தோடு 25லிருந்து 1 போக 24. பாரமேற்றினால் நடுக்கம் பாதிக்கும் கீழே குறைகிறது. ஓட்டுநரின் வாக்கியம் அப்படியே எண்களாக வந்து நின்றது.

பின்முனைக் கோணம் ஏன் ஒன்பதானது? இரண்டாண்டுகளுக்கு முன் பாரத்தைத் தாங்குவதற்காகக் கமான் பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூட்டி, மற்றவற்றை அடித்து வளைவேற்றியிருந்தார்கள். அதில் பின்புறம் உயர்ந்தது. வளைவு முன்பாதியில் ஒரு மாதிரியும் பின்பாதியில் ஒரு மாதிரியும் விழுந்ததால் ஆக்சில் தன்னச்சில் சற்றுத் திரும்பி, பினியன் முகம் நான்கு பாகை விலகியது. முதல் கிராஸ் உடைந்தது அதற்குச் சில மாதங்களுக்குப் பின். பட்டை வேலை நடந்தது ஓரிடம், கிராஸ் மாற்றியது வேறிடம். இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர் ஓட்டுநர் ஒருவரே. அவரை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் மாணவ நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நடுக்கத்தின் அதிர்வெண்ணை அளக்க ஆஃகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைபாக்ஸ் செயலி போதும், இலவசம். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர், ஆக்சிலின் பல்விகிதம் 4 எனக் கொண்டால், மணிக்கு 45 கிலோமீட்டரில் ஷாஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ 24 முறை சுழலும். பேலன்ஸ் குறையென்றால் அதிர்வு 24 ஹெர்ட்ஸில் எழும். கோணக் குறையென்றால் 48இல். எங்களுக்கு 48இல் எழுந்தது. இங்கே துள்ளிக் குதித்துவிடக்கூடாது. நேரடி கியரில் எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிக்கிறது. ஆகவே அதன் துடிப்பும் 48 ஹெர்ட்ஸ்தான். எஞ்சின் தாங்கு ரப்பர் செத்திருந்தாலும் இதே கோடு தெரியும். சமமான, ஆளில்லாத சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்க்கவேண்டும். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கியபின்னும் 48 நின்றால் அது ஷாஃப்ட்டின் குரல். நின்றது. (இதை இறக்கத்தில் செய்து பார்க்க வேண்டாம்.) இந்த நியூட்ரல் சோதனை ஆசான் சொன்னது. "எஞ்சினா, அடியிலயா?" என்று பிரிக்க அவர் இருபது ஆண்டுகளாகச் செய்வதாம். ஆய்வுமுறையியல் வகுப்பில் நாம் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயரிட்டு இரண்டு மதிப்பெண் தருகிறோம்.

இப்போது நால்வருக்கும் வருகிறேன்.

வண்டியைக் கழித்துக் கட்டச் சொன்னவருக்கு: டீசல் புகை பற்றிய கவலை நியாயமானது. 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைக் கேரளத்தின் ஆறு நகரங்களில் ஓட்டக்கூடாதென ஆணையிட்டது; அந்த ஆணை உயர் நீதிமன்றத்தில் சென்ற வழி தனிக்கதை. ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்குப் புகை விதி தெரியாது. இன்று வாங்கும் புதிய பிக்கப்பிலும் அதே கமான் பட்டை, அதே கிராஸ். புதிய வண்டியில் அதே பட்டறையில் அதே பட்டையைக் கூட்டினால் அதே 9 பாகைதான் வரும். அப்போது ஓட்டுநர் கடனோடு உடைவார். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் போதும் என்போருக்கும் இதுவே விடை: கிராஸில் உணரி எதுவும் இல்லை.

பாரத்தைப் பழித்தவர் பாதி உண்மையைச் சொன்னார். பாரம் பட்டையைக் கூட்டவைத்தது. பட்டை கோணத்தைக் கூட்டியது. கோணம் கிராஸைத் தின்றது. இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணிகளை விட்டுவிட்டு முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் மட்டும் பிடித்துக்கொண்டால் கிடைப்பது விளக்கமன்று, கண்டனம். பாரத்தைக் குறைத்துப் பட்டையை அப்படியே விட்டிருந்தால் பழுது விரைவாகவே வந்திருக்கும், ஏனெனில் வண்டி இன்னும் உயரத்தில் ஓடியிருக்கும்.

பேராசிரியரின் கூற்றே என்னைப் பெரிதும் சினமூட்டியது. ஆசானிடம் பகுப்பாய்வு இல்லை என்பது பொய். அவரிடம் இல்லாதது அதற்கான கூலி. கிராஸ் மாற்றினால் பாகத்தின் விலையில் ஒரு பங்கும் வேலைக்கூலியும் கிடைக்கும். அரைநாள் வண்டியின் அடியில் படுத்துக் கோணம் அளந்து, "பாகத்தில் குற்றமில்லை, பட்டையை அடித்த இடத்தில் போய்ப் பார்" என்று சொன்னால் எவர் காசு கொடுப்பார்? "பார்த்ததுக்குக் காசா?" என்று ஓட்டுநரே கேட்பார். மருத்துவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை. பார்ப்பதற்கு விலையில்லாத சந்தையில் மாற்றுவது மட்டுமே தொழிலாக மிஞ்சும். அதை அறியாமை என்று பெயரிடுவது வசதியான குருட்டுத்தனம். நம் ஆய்வகங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? புதிய கருவி வாங்க நிதி வரும். இருக்கும் கருவி ஏன் தவறாக அளக்கிறது என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்க வருவதில்லை.

கைப்பக்குவத்தைப் போற்றிய நான்காமவர் நல்லெண்ணம் உடையவர். ஆயினும் அவரே கூடுதல் தீங்கு செய்கிறார் என்பேன். மைக்கேல் பொலானியின் மறைஅறிவுக் கருத்தை அவர் துணைக்கழைத்தார். சொல்ல முடியாதது என்று நாம் அறிவிப்பவற்றுள் பெரும்பகுதி, நாம் கேட்காதது. ஒளிநகல் பொறிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களோடு நெடுநாள் இருந்து ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட இனவரைவியல் நூல், அவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள் என்பதையே காட்டியது: பழுதுகளைக் கதைகளாகச் சொல்லி, ஒருவர் கதையை மற்றவர் திருத்தி, கையேட்டில் இல்லாத நோய்க்குக் காரணம் காண்கிறார்கள். கல்லாற்றிலும் வாக்கியம் இருந்தது: காலியாக வரும்போது நடுங்குகிறது. அதைச் சாய்வுமானியோடு சேர்த்ததில் ஆசான் எந்த வன்முறையையும் உணரவில்லை. இரண்டாம் நாள் அந்தச் செயலியைத் தம் கைப்பேசியில் ஏற்றித் தரச் சொன்னார்.

வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் 2007இலும், விதுராவில் வளாகம் கொண்டுள்ள ஐசர் 2008இலும் தொடங்கப்பட்டன. இந்த மலைச்சாலையின் அருகிலேயே இயக்கவியல் நாள்தோறும் கற்பிக்கப்படுகிறது. பொறியியல் கல்லூரிகளோ மாவட்டமெங்கும் உள்ளன. இறுதியாண்டுச் செய்திட்டம் என்ற பெயரில் ஆண்டுதோறும் உணரிகளும் ஒளிரும் திரையும் பொருத்திய பெட்டிகளைச் செய்து, மதிப்பெண் வாங்கி, அலமாரியில் பூட்டுகிறோம். அதற்கு மாறாக மூன்று மாணவர்கள் ஒரு மாதம் கல்லாற்றிலும் விதுராவிலும் நிற்கும் பிக்கப்களின் கோணங்களைக் காலியாகவும் பாரத்தோடும் அளந்து, பட்டை கூட்டிய வண்டி எது, கூட்டாத வண்டி எது, எதில் கிராஸ் எத்தனை டிரிப்பில் போகிறது என்று ஒரு அட்டவணை எழுதட்டும். அதில் புதுமை இல்லை என்று மதிப்பீட்டுக் குழு சொல்லும். சொல்லட்டும், அந்த அட்டவணை இன்று எவரிடமும் இல்லை.

வண்டியின் நிலை பற்றிக் கேட்பவர்களுக்கு: கூட்டிய பட்டையை எடுக்க ஓட்டுநர் ஒப்பவில்லை, அவருக்குப் பாரம் வேண்டும். ஆக்சில் தளத்துக்கும் பட்டைக் கட்டுக்கும் இடையில் நான்கு பாகைச் சாய்வுள்ள எஃகு ஆப்பு இருபுறமும் வைத்து, நீளமான புதிய யு போல்ட் கொண்டு இறுக்கினார் ஆசான். இப்போது காலியில் நடுவிலும் பின்னாலும் 5 பாகை. 48 ஹெர்ட்ஸ் கோடு முற்றிலும் மறையவில்லை. முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஐந்து பாகை இன்னும் மிகுதிதான், ஆகவே சென்டர் பேரிங் ரப்பரை மாதந்தோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆப்பு வைத்தபின் 170 டிரிப்புகள் ஆகியுள்ளன. ஐந்தாவது கிராஸ் இன்னும் ஓடுகிறது. ஒரு வண்டி எதையும் நிறுவாது என்று பின்னூட்டத்தில் எழுத நினைப்பவர்கள், இரண்டாவது வண்டியின் அளவுகளோடு வந்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். சாய்வுமானிச் செயலியின் அமைப்பையும் எங்கள் அளவுத்தாளையும் கேட்போருக்கு அனுப்புகிறேன். யு போல்ட்டை முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பின் மறுமுறை இறுக்கவேண்டும்.